பார்சல் உடைந்து வந்தால் நஷ்டஈடு பெறுவது எப்படி?

(பண்ணை ஒலிபரப்பில் திருவண்ணாமலை வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், மருந்து எல்லாவற்றையும் பக்கத்து டவுன் கடையிலே வாங்கி, சைக்கிளிலே கட்டிக்கொண்டு வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படியில்லை. கோயம்புத்தூர் மோட்டார் லாரி சர்வீஸில் வருகிறது. ஸ்பிரேயர், சொட்டுநீர்ச் சாமான், திசு வளர்ப்பு வாழைக்கன்று எல்லாம் பார்சலில் வருகின்றன. இங்கிருந்து ஜவ்வாது மலைச் சாமையும் தேனும், செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் கூரியரில் சென்னைக்குப் போகின்றன.

பொருள் நல்லபடியாக வந்து சேர்ந்தால் சரி. உடைந்து வந்தால் என்ன செய்வது? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

செங்கம் பக்கத்து விவசாயி ஒருவர் 12,000 ரூபாய்க்கு ஒரு பவர் ஸ்பிரேயர் வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லாரி வாடகை 300 ரூபாய். திருவண்ணாமலை பார்சல் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். பிரித்துப் பார்த்தால் டேங்க் விரிந்திருக்கிறது, இன்ஜின் கைப்பிடி முறிந்திருக்கிறது. மறுநாள் ஆபீஸுக்குப் போகிறார். அங்கே என்ன சொல்வார்கள்? "பெரியவரே, நீங்க நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுத்தானே எடுத்துட்டுப் போனீங்க? அதோட, பில்லுக்குப் பின்னாடி பாருங்க. உடைஞ்சா கம்பெனி பொறுப்பில்லன்னு போட்டிருக்கு." அவரும் "சரி, நம்ம தலையெழுத்து" என்று திரும்பிவிடுகிறார்.

அப்படித் திரும்ப வேண்டியதில்லை. ஆபீஸ்காரர் சொல்வது கடைசி வார்த்தை அல்ல. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டஈடு கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் பின்னால் போடுகிற சண்டையைப் பொறுத்தது அல்ல. புக்கிங் செய்யும்போது என்ன எழுதினோம், டெலிவரி எடுக்கும்போது என்ன எழுதினோம் என்பதைப் பொறுத்தது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

லாரி சர்வீஸ்களுக்கென்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1865-ல், ஒரு சட்டம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, சாலை வழியாகச் சரக்கு கொண்டுபோவது பற்றி 2007-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. அது 2011 மார்ச் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. லாரி சர்வீஸ், புக்கிங் ஏஜென்ட், வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் கூரியர் எல்லோரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். இவர்கள் பதிவுச் சான்று பெற்றுத்தான் தொழில் செய்ய வேண்டும்.

இந்தச் சட்டத்தில் நமக்கு வேண்டியவை நான்கு.

முதலாவது, ஒப்புக்கொண்ட சரக்குக்கு அவர்கள்தான் பொறுப்பு. இயற்கைச் சீற்றம், போர், கலவரம், கோர்ட்டு ஜப்தி, அரசாங்கத் தடை போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. அதிலும்கூட, கவனமாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றால் விலக்கு கிடையாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. ஊரெல்லாம் வெள்ளம். அப்படிப்பட்ட வெள்ளத்தில் லாரியே மூழ்கினால் அது இயற்கைச் சீற்றம். ஆனால் சாதாரண மழையில், கிழிந்த தார்ப்பாய் வழியாகத் தண்ணீர் ஒழுகி விதை மூட்டை முளைத்துவிட்டால் அது இயற்கைச் சீற்றம் ஆகாது. அது கவனக்குறைவு.

இரண்டாவது, எப்படி உடைந்தது, யார் போட்டு உடைத்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் ஒப்படைத்தோம், உடைந்து வந்தது என்று காட்டினால் போதும். தங்கள் மேல் தப்பில்லை என்று காட்டுவது அவர்கள் வேலை. ஓடும் லாரிக்குள் நடந்ததற்கு நாம் எங்கே போய்ச் சாட்சி தேடுவது? அதனால்தான் சட்டம் இப்படி வைத்திருக்கிறது.

மூன்றாவது, இது கொஞ்சம் கசப்பான விஷயம். பொருள் எவ்வளவு விலையானாலும், கட்டின வாடகையைப் போலப் பத்து மடங்குதான் நஷ்டஈடு என்று 2011-ம் ஆண்டு விதிகளில் வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் செங்கத்து விவசாயி கணக்கைப் பாருங்கள். வாடகை 300 ரூபாய். பத்து மடங்கு 3,000 ரூபாய். ஸ்பிரேயர் விலை 12,000. மீதி 9,000 ரூபாய் அவர் தலையில்தான். இதற்கு மாற்று என்ன? புக்கிங் செய்யும்போதே பொருளின் விலையைச் சரக்குச் சீட்டில் எழுதி, கூடுதல் பொறுப்புக் கட்டணம் கட்டுவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது இந்த வரம்பு நம்மைக் கட்டாது. கொஞ்சம் செலவுதான். ஆனால் விலை கூடின சாமானுக்கு அது வீண் செலவு அல்ல.

நான்காவது, காலக்கெடு. புக்கிங் செய்த தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்கே போட முடியாது. கவனியுங்கள், கணக்கு புக்கிங் தேதியிலிருந்து ஓடுகிறது. பொருள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல.

இரண்டு வழக்குகள்

சட்டத்தை மட்டும் சொன்னால் போதாது, நடந்ததையும் சொல்ல வேண்டும்.

1995-ல் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் என்ற மில் 7 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள பருத்தி நூலைக் கல்கத்தாவுக்கு லாரியில் அனுப்பியது. வழியில் லாரி விபத்துக்குள்ளாகி நூல் சேதமாகிவிட்டது. சரக்குக்கு இன்சூரன்ஸ் இருந்ததால் இன்சூரன்ஸ் கம்பெனி மில்லுக்குப் பணம் கொடுத்தது. பிறகு மில்லும் இன்சூரன்ஸ் கம்பெனியும் சேர்ந்து அந்த லாரி சர்வீஸ் மேல் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் புகார் செய்தன. மன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புக் கூறியது. லாரி சர்வீஸ் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அதை விசாரித்தது. சரக்கு சேதமானால் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது நுகர்வோர் மன்றத்துக்கும் பொருந்தும் என்ற நிலை அங்கே உறுதிப்பட்டது. நம் மாவட்ட மன்றத்தில் எழுதிக் கொடுத்த ஒரு புகார் டில்லி வரை நின்றது என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு வழக்கு நமக்கு எச்சரிக்கை. 1990-ல் பாரதி நிட்டிங் என்ற பின்னலாடைக் கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பிய சரக்கின் தஸ்தாவேஜுகளை டி.எச்.எல். கூரியரில் அனுப்பியது. கவர் போய்ச் சேரவில்லை. மறுபடி நகல் அனுப்புவதற்குள் சீசன் முடிந்துவிட்டது. சரக்கு வாங்குகிறவர் விலையைக் குறைத்துவிட்டார். கம்பெனி கேட்ட நஷ்டஈடு சுமார் 4 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய். ஆனால் கூரியர் சீட்டில், எதுவானாலும் 100 அமெரிக்க டாலருக்கு மேல் பொறுப்பில்லை என்று ஒரு நிபந்தனை இருந்தது. அனுப்பியவர்கள் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம், கையெழுத்துப் போட்டவரை அந்த நிபந்தனை கட்டுப்படுத்தும் என்று சொல்லி, 100 டாலர்தான் என்று முடித்துவிட்டது.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு சட்டம் நமக்குச் சாதகமாகக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கூரியரும் 2007-ம் ஆண்டுச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருபக்கமாக எழுதப்பட்ட அநியாயமான ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில ஆணையத்தில் புகார் செய்ய வழி வைத்திருக்கிறார்கள். இருந்தாலும், ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்து பொடியாக இருந்தால் பள்ளியில் படிக்கிற உங்கள் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

புக்கிங் செய்யும்போது

1. பொருள் என்ன, எத்தனை, விலை எவ்வளவு என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வெறுமே "பெட்டி ஒன்று" என்று எழுத விடாதீர்கள். கடை பில்லின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

2. விலை கூடின பொருளுக்குக் கூடுதல் பொறுப்புக் கட்டணமோ, இன்சூரன்ஸோ கேட்டுக் கட்டுங்கள். கட்டினது ரசீதில் தெரிய வேண்டும்.

3. கட்டுமானம் சரியாக இருக்க வேண்டும். "நீங்க கட்டினது சரியில்ல" என்பதுதான் அவர்கள் சொல்லும் முதல் பதில். தேன் பாட்டில்களுக்கு நடுவே அட்டைத் தடுப்பு வைத்து, சுற்றிலும் வைக்கோலோ காகிதமோ அடைக்க வேண்டும். கன்று, நாற்றுப் பெட்டிக்குக் காற்றோட்டத் துளை வேண்டும். வேரைச் சுற்றி ஈரமான தென்னை நார்க்கழிவு வேண்டும். "உடையும் பொருள்", "உயிருள்ள செடி", "இந்தப் பக்கம் மேலே" என்று பெரிதாக எழுதுங்கள்.

4. கட்டுவதற்கு முன்னும் பின்னும் செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

5. செடி, பூ, காய் போன்றவற்றுக்கு நாள் பார்த்து புக்கிங் செய்யுங்கள். கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் ஊரில் வண்டிப் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும், கோயம்புத்தூர் நர்சரிக்காரருக்குத் தெரியாது. இரண்டு நாள் ஊருக்கு வெளியே லாரியில் கிடந்தால் கன்று வாடிப்போகும். நீங்கள்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

டெலிவரி எடுக்கும்போது

இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். அவசரம் வேண்டாம். பெட்டி நசுங்கியிருக்கிறதா, நனைந்திருக்கிறதா, டேப் பிரிந்திருக்கிறதா, உள்ளே உடைந்த சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அங்கேயே, குமாஸ்தா எதிரிலேயே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மூட்டையானால் எடை போடச் சொல்லுங்கள்.

டெலிவரி தாளில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருக்கும். சேதம் இருந்தால் அதற்குக் கீழே உங்கள் கைப்படத் தமிழிலேயே எழுதலாம். "பெட்டியின் வலப்பக்கம் நசுங்கி, ஓரம் கிழிந்து இருந்தது. உள்ளே டேங்க் விரிந்துள்ளது" என்று எழுதித் தேதி போட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள். பிரிக்க விடவில்லையானால், "பிரித்துப் பார்க்க அனுமதிக்கவில்லை" என்று எழுதுங்கள். எழுதின தாளைப் போட்டோ எடுங்கள். செல்போனில் கையெழுத்து வாங்கும் கூரியர் பையனானால், அவர் நிற்கும்போதே பெட்டியைப் போட்டோ எடுத்து, அன்றைக்கே கம்பெனிக்குப் புகார் அனுப்புங்கள்.

இந்த ஒரு வரி எழுதினவர் கை ஓங்கியிருக்கும். எழுதாமல் வந்துவிட்டவருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. வெளியே தெரியாத சேதம் வீட்டில் பிரித்த பிறகுதான் தெரியும். அப்படியானால் மேற்கொண்டு பிரிப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்து, போட்டோ எடுத்து, அன்றே தெரிவியுங்கள். உடைந்த பாகத்தையும், அட்டைப்பெட்டியையும், சாக்கையும் தூக்கி எறியாதீர்கள். அவைதான் உங்கள் சாட்சி. கன்று வாடி வந்திருந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைப் பார்க்கச் சொல்லி, பார்த்ததை எழுதித் தரக் கேளுங்கள். செடி நாளைக்கே பட்டுப்போகும், எழுத்து நிற்கும்.

நோட்டீஸ் எழுதுவது எப்படி?

வக்கீல் வைத்துத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. ஒரு வெள்ளைத் தாள் போதும். இப்படி எழுதலாம்:

"ஐயா, இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள ரசீதின்படி, இன்ன ஊரிலிருந்து திருவண்ணாமலைக்கு ஒரு பவர் ஸ்பிரேயர் உங்கள் மூலம் அனுப்பப்பட்டது. விலை ரூ.12,000. வாடகை ரூ.300. இன்ன தேதியில் டெலிவரி எடுத்தபோது அது உடைந்திருந்தது. டெலிவரி தாளில் இதை எழுதியிருக்கிறேன். பில், ரசீது, போட்டோ நகல்களை இணைத்துள்ளேன். இது சேதம் குறித்த சட்டப்படியான நோட்டீஸ். 15 நாட்களுக்குள் நஷ்டஈடு தர வேண்டும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்."

திருவண்ணாமலைக் கிளைக்கு ஒன்று, தலைமை ஆபீஸுக்கு ஒன்று அனுப்புங்கள். 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே விரைவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "மேனேஜர் வரட்டும், பேசிக்கலாம்" என்று அவர்கள் இழுத்தடித்தால் பேசுங்கள், தவறில்லை. ஆனால் நோட்டீஸை முதலில் அனுப்பிவிட்டுப் பேசுங்கள். பேச்சிலேயே 180 நாள் ஓடிவிடக்கூடாது.

புக்கிங் செய்தது நீங்கள் அல்ல, கடைக்காரர் என்றால் அவரையும் ஒரு நோட்டீஸ் கொடுக்கச் சொல்லுங்கள். செல்போன் வழியாக ஆன்லைனில் வாங்கின பொருளானால் கூரியரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், விற்றவரைப் பிடியுங்கள். 2020-ம் ஆண்டு விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்றவர் சொல்ல முடியாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் வந்து சேர்ந்ததைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ரயில் பார்சலுக்கு வேறு சட்டம். அதற்கு ஆறு மாதத்துக்குள் ரயில்வேக்கு எழுதிக் கொடுத்து, பிறகு ரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தபால் பார்சலும் 2007-ம் ஆண்டுச் சட்டத்துக்குள் வராது. அஞ்சல் துறையின் பொறுப்பைத் தனிச் சட்டம் குறுக்கி வைத்திருக்கிறது. விலை கூடின பொருளைத் தபாலில் அனுப்பினால் இன்சூரன்ஸ் செய்து அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால்?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் திருவண்ணாமலையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கம்பெனியின் தலைமை ஆபீஸ் பம்பாயில் இருந்தாலும் கவலை இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்ய 2019-ம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீங்கள் கட்டின வாடகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. நாம் கட்டுவது முந்நூறும் ஐந்நூறும்தானே! வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். இ-ஜாக்ரிதி என்ற இணையதளம் வழியாகவும் புகார் அனுப்பலாம். இரண்டு வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகவும் ஆகலாம், பொறுமை வேண்டும்.

அங்கே எதிர்த்தரப்பு ஒரு வாதம் வைக்கக்கூடும். "இவர் வியாபாரத்துக்கு அனுப்பினார், நுகர்வோர் இல்லை" என்பார்கள். வியாபார நோக்கத்துக்கான சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2003-ல் திருத்தம் வந்தது உண்மைதான். ஆனால் பிழைப்புக்காகச் சுயமாகத் தொழில் செய்கிறவருக்கு இந்தத் தடை இல்லை. தன் நிலத்தைத் தானே உழுது, தன் விளைச்சலைத் தானே விற்கிற விவசாயி இதைத் தெளிவாகப் புகாரில் எழுத வேண்டும். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-ல் ஆந்திர விவசாயிகள் சம்பந்தப்பட்ட தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெரிய அளவில் வாங்கி விற்கும் வியாபாரியானால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

எழுத, பேசத் தயக்கமாக இருந்தால் திருவண்ணாமலை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. ஜவ்வாது மலை உழவர்களும் சுய உதவிக் குழுப் பெண்களும் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

நிறைவாக

விவசாயப் பெருமக்களே! நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்கிறோம், விதைக்கு முளைப்புத்திறன் பார்க்கிறோம். அதே கண்ணோடு பார்சல் சீட்டையும் பாருங்கள். புக்கிங்கில் விலையை எழுதுங்கள். டெலிவரியில் சேதத்தை எழுதுங்கள். 180 நாட்களுக்குள் நோட்டீஸ் எழுதுங்கள். இந்த மூன்று எழுத்தும் கையில் இருந்தால், "நாங்க பொறுப்பில்ல" என்று சொல்கிறவரிடம் நீங்கள் சத்தம் போட வேண்டியதில்லை. தாளை எடுத்து மேசைமேல் வைத்தாலே போதும்.